பெட்டியாண்டவர்

— விளம்பரம் இல்லாமலா? நடக்காது மதினி. சங்கிலி விஷன் ஆரம்பிச்சு இருவத்தி ரெண்டு வருசம் ஆச்சு. சாமி சப்பரத்தை நேரடியாக் காட்டும்போதுகூட, நடுவுல விளம்பரத்தைப் போட்டுட்டுத்தான் அடுத்த தெருவுக்கு விடுவேன்.

— ஒரு தடவைதான தம்பி கேக்கேன். ஒண்ணே கால் மணி நேரப் படம். நடுவுல ஒண்ணும் போடாம விடுங்க.

— பத்து நிமிசத்துக்கு ஒருக்கா நிறுத்தணும். அது சட்டம், ரைட்டா?

— யாரு போட்ட சட்டம்?

— நான் போட்டதுதான். என் டிவிக்கு நான்தான போடணும்.

— விளம்பரத்தைத் திட்டி எங்க வீட்டுக்காரவிய எடுத்த படம். ஊர் ஊராப் போயி செவுத்துல சிமெண்டுக்கும் பனியனுக்கும் விளம்பரம் எழுதி எழுதி வெறுத்துப் போயி எடுத்தது. அதுக்குள்ள ஜவுளிக்கடையக் கொண்டு போயிச் சொருவுனா நல்லாவா இருக்கும்?

— ரொம்பத்தான். கடம்பூர் போளிக்கடைக்காரர ஸ்பான்சர் புடிச்சது யாரு? தங்கச்சாமி அண்ணன்தான? வேத்துக் கிரகத்துல இருந்து வந்தவன் கால கீழ வைக்கதுக்கு முன்னால ஒரு போளியப் பிச்சுத் தின்னுட்டு, 'எங்க லோகத்துல இந்த ருசி இல்லையே'ன்னானாம். ஷூட்டிங் பாத்தவன்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்.

— நடிக்க வந்த நாப்பது பேருக்கும் சோறு பொங்கணும்லா. அதுக்காவ வச்ச சீனு அது. வச்சுட்டு அன்னைக்குப் பூரா என்கூடப் பேசல. நான் என்ன செஞ்சேன், சோறுதான பொங்குனேன். என்னமோ போங்க.

— அந்த நாற்காலி வேண்டாம் மதினி, ஒரு காலு ஆடும். இங்கன வந்து உக்காருங்க. படி ஏறுனது மூச்சு வாங்குது பாருங்க. தண்ணி குடிங்க.

— ஏன் தம்பி, ஆபீஸ்ல ஒருத்தரையும் காணும்? செய்தி வாசிக்க புள்ள எங்க?

— ஜெயப்பிரியாவா? லீவு. இன்னைக்கு எல்லாருக்கும் லீவு விட்டுட்டேன்.

— நேத்து வாசிச்சாளே. போன வருசம் கட்டுன அதே ஊதாச் சேலை.

— ராசியான சேலைன்னு கட்டுதா. டிஸ்க்கக் குடுங்க. பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவேன். சென்சார் ஆவாம நம்ம சேனல்ல ஒண்ணும் போவாது.

— நீங்க இன்னும் இதப் பாக்கவே இல்லியா?

— என்னத்துக்குப் பாக்க? என்னையக் கேலி பண்ணி எடுத்த படத்த நானே உக்காந்து பாக்கணுமா? கேமரா யாருது? என்னுது. கல்யாண வீட்டுக்கு விடுத கேமராவப் பன்னெண்டு நாள் சும்மா தூக்கிக் குடுத்தேன். அதுக்குக் கெடச்ச மரியாதை, பெட்டியாண்டவரு.

— கேலி இல்ல தம்பி அது.

— பெறகு? எல்லாரு தலையிலயும் ஒரு பெட்டிய மாட்டி விட்டுட்டு, 'இத வாங்கு, அத வாங்கு'ன்னு ஒருத்தன் வயரு வழியாப் பேசிக்கிட்டே கெடப்பானாம். பேச்சுக்குப் பேச்சு 'ரைட்டா'ம்பானாம். இந்தச் சுத்துப்பட்டுல வீட்டு வீட்டுக்கு வயரு இழுத்தவன் யாரு? 'ரைட்டா'ங்கவன் யாரு? கைப்புள்ளகூடச் சொல்லிரும்.

— பச்சைச் சேலைக் கதைய மறந்துட்டியளா?

— எந்தப் பச்சைச் சேலை?

— அக்கா தங்கச்சிக்குப் பச்சைச் சேலை எடுத்துக் குடுக்கலன்னா கூடப் பொறந்தவனுக்கு ஆவாதுன்னு ஒரு ஆடி மாசம் ஓட விட்டிய. ஜவுளிக்கடையில தேங்கிக் கெடந்த பச்சைச் சேலை பூராம் நாலு நாள்ல வித்துப் போச்சு. எங்க அண்ணன் வட்டிக்கு வாங்கி எனக்கும் எடுத்துக் குடுத்தாவ. மூணு தண்ணிக்கு மேல சாயம் நிக்கல.

— அது யாவாரம் மதினி. அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொன்னா இருவத்தி மூணு ஊரும் கேக்கும். கம்மாயில மொதல கெடக்குன்னு ஒருக்கா போட்டேன். ஒரு வாரம் ஒருத்தன் குளிக்க எறங்கல தெரியுமா? தண்ணியே முழங்காலுக்குத்தான் கெடந்துச்சு.

— அந்த ஆடியிலதான் அவிய இந்தக் கதைய எழுத உக்காந்தாவ.

— ம். சரி, போடுதேன். அந்த ஃபேன உங்க பக்கம் திருப்பிக்கிடுங்க. இந்தா ஓடுது. இது எங்கன எடுத்தது?

— எப்போதும்வென்றான் ஊருக்குத் தெக்க, மாரிராஜ் காடு. பருத்திமாரு புடுங்கிட்டுச் சும்மா கெடந்துச்சு. சித்திரை. அந்த வெடிப்பைப் பாருங்க, முழங்கை வரைக்கும் உள்ள போவும். 'வேத்துக் கிரகம் தேடி எங்கயும் போவ வேண்டாம் வேலுத்தாயி, நம்ம காடே போதும்'னாவ.

— தலையில மாட்டியிருக்கது தீப்பெட்டிப் பண்டல் அட்டைல்லா?

— நான் வேல பாத்த தீப்பெட்டி ஆபீஸ்ல கேட்டு வாங்கியாந்தது. நாப்பது அட்டையும் நான்தான் ஒட்டுனேன். வெயில்ல பசை எளகி வெயிலுமுத்து மூஞ்சில ஒழுகுது பாருங்க. அதையே அழுதான்னு வச்சுக்கிட்டாவ.

— வெயிலுமுத்து எவ்வளவு எளசா இருக்கான். விளாத்திகுளத்துல டீக்கடை போட்டிருந்த புதுசு அது. அவன்தான் ஈரோவா?

— ஆமா. அவருக்குப் பின்னால மூணு குடைய மடக்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டு நிக்காள்லா, அது பத்திரகாளி அக்கா. மழையே பெய்யாத கிரகம் தம்பி. பெட்டி சொல்லுதுன்னு ஆளுக்கு மூணு குடை. இந்தா, இப்ப மழையவே விக்கப் போறாவ பாருங்க.

— மழைய எப்படி விக்க?

— சத்தத்தை. மழைச் சத்தத்தை டப்பாவுல அடைச்சு விப்பாவ. 'வாங்கி வீட்ல வைங்க, மழை வந்த மாதிரியே இருக்கும், ரைட்டா'ன்னு பெட்டி சொல்லும். சனம் வரிசையில நின்னு வாங்கிட்டுப் போயி, கண்ண மூடிக்கிட்டு கேக்கும். அந்தா, கேக்குதா?

— அட, நெசமாட்டமேல்லா இருக்கு. இத எங்கன போயிப் புடிச்சிய?

— சொளகுல கம்புத் தானியத்தப் போட்டு நான் ஆட்டுனது. 'மெதுவா ஆட்டு, இப்பத்தான் தூத்தல் விழுது'ம்பாவ. 'இப்ப ஊத்தட்டும்'பாவ. கை வீங்கிப் போச்சு. அந்த வருசம் நெசத்துலயும் மழை இல்ல. வேடிக்க பாக்க வந்த ரெண்டு பேரு சத்தத்தைக் கேட்டுட்டு வானத்தைப் பாத்தாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

— பரவால்லியே. மூள இருந்துருக்கு மனுசனுக்கு.

— இப்ப வாராவ பாருங்க. பெட்டியாண்டவரு.

— இது... அண்ணன்ல்லா?

— ஆமா.

— வேற யாரையோ போட்டிருக்காருன்னுல்லா என்ட்ட சொன்னாங்க.

— வேற ஆளத்தான் பேசி வச்சிருந்துச்சு. 'சங்கிலிப்பாண்டி மாதிரிப் பேச எவனுக்கும் வரல'ன்னு உங்களச் சொல்லி, அவியளே வேசத்தப் போட்டுக்கிட்டாவ. தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க.

— கூட்டிட்டேன். என்ன மதினி? அழாதிய. நிறுத்திருவமா?

— நிறுத்தாதிய. இந்தக் குரலக் கேட்டு ஒரு வருசம் ஆவப் போவுது. வீட்ல டிஸ்க்குப் போட மிசினு கெடையாது. டிவிதான் ஒண்ணு கெடக்கு. அதுல நீங்க என்ன போடுதியளோ அதத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். பேச்சுக்குரல் ஒண்ணு கேட்டுக்கிட்டு இருக்கட்டும்னு.

— பாருங்க பாருங்க. நிறுத்தல.

— ஐயே, இது என்னது நடுவுல?

— விளம்பரம். மிசினு தானாப் போட்டுரும். பத்து நிமிசம்னு நான்தான் வச்சிருக்கேன்.

— இந்தப் பாத்திரக்கடைய மூடி மூணு வருசம் ஆச்சே தம்பி. அங்கன இப்ப செல்போன் கடைல்லா இருக்கு.

— அவரு நம்மள நம்பிக் குடுத்த விளம்பரம். சொல்லாமக் கொள்ளாம நிறுத்தப்பிடாதுல்லா.

— அவரே மகன்கூட மெட்ராசுக்குப் போயிட்டாரு. யார்ட்ட சொல்ல?

— மதினி, படம் வந்துருச்சு. படத்தப் பாப்போம்.

— படம் ஓடட்டும். நான் எதுக்கு வந்தேன்னு சொல்லிருதேன். படம் முடிஞ்சதும் கீழ எழுத்து ஓடணும். எழுதியாந்திருக்கேன், படிக்கேன் கேளுங்க. 'இந்தப் படத்தை எடுத்த தங்கச்சாமி போன வருசம் சித்திரை மாதம் காலமாகிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை முதலாம் ஆண்டுத் திதி. இது விளம்பரம் அல்ல. இந்தத் தடவை நிஜம்.'

— கடைசி வரி வேண்டாமே மதினி.

— அந்த வரிதான் தம்பி வேணும். அதுக்காவத்தான் ரெண்டு பஸ் மாறி வந்தேன். படமே அதுக்குப் பெறகுதான்.

— பழசப் போட்டுக் கெளறணுமா?

— நான் கெளறல. படம் வருதுன்னா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான், ஆளு போயிட்டாருன்னா ஊரே பாக்கும்னு சொன்னது நீங்கதான?

— சொன்னேன். யுக்தின்னு நெனச்சுச் சொன்னேன். 'கண்ணீர் அஞ்சலி'ன்னு டிவியில அண்ணன் போட்டோவப் பெருசாப் போட்டு, அடியில 'பெட்டியாண்டவர் விரைவில்'னு பொடி எழுத்துல போட்டேன். அண்ணனும் சிரிச்சுக்கிட்டுத்தான் போட்டோ குடுத்தாரு.

— பொடி எழுத்து எவன் கண்ணுக்குத் தெரிஞ்சுது? மறுநாள் விடியவும் வேன் வந்து நிக்குது. பத்திரகாளி அக்கா தெருமொனையிலேர்ந்தே நெஞ்சுல அடிச்சுக்கிட்டு வாரா. எனக்குக் கோடிச் சேலை வேற வாங்கியாந்துருக்கா. இவிய லுங்கியக் கட்டிக்கிட்டு இட்லி தின்னுக்கிட்டு இருக்காவ.

— சிரிச்சுருவாங்கன்னு நெனச்சேன் மதினி. சத்தியமா.

— நடிச்ச நாப்பது பேர்ல ஒருத்தர் பாக்கியில்லாம துட்டி கேக்க வந்துட்டாங்க. வெயிலுமுத்து மாலைய எங்க வைக்கதுன்னு தெரியாம கையில வச்சுக்கிட்டே நின்னாரு. 'எங்க கண்ணீரையும் விளம்பரத்துக்கு எடுத்துக்கிட்டியளே அண்ணாச்சி'ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாரு. யாரப் பாத்து? விளம்பரத்தைத் திட்டிப் படம் எடுத்தவரப் பாத்து. இனிமே இந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டோம்னு சொல்லிட்டுப் போனாங்க.

— நேரா இங்கனதான் வந்தாங்க. படத்தப் போட்டேன்னா வயர அறுத்துருவோம்னாங்க. நான் என்ன செய்ய? பழிய அண்ணன் மேல போட்டேன். அண்ணன் என் மேல போட்டாரு. அதோட பேச்சு நின்னுச்சு. பதிமூணு வருசம். பஸ்ல எதுத்தாப்ல உக்காந்தாக்கூட சன்னல் பக்கம் திரும்பிக்கிடுவாரு.

— ஆனா உங்க டிவியத்தான் பாத்தாவ.

— யாரு, அண்ணனா?

— வேற ஒண்ண வைக்க விட மாட்டாவ. எங்க தெருவுல எல்லாரும் டிஷ் மாட்டிட்டாங்க. நம்மளும் மாட்டுவமான்னு கேட்டா, 'சங்கிலி இன்னைக்கு என்ன ஒளறுதான்னு பாப்போம், வையி'ம்பாவ. சாவுததுக்கு மொத நாள்கூடப் பாத்தாவ.

— எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே மதினி.

— நீங்க எப்பக் கேட்டிய? அவிய செத்த அன்னைக்குத்தான வாசல்ல வந்து நின்னிய.

— அதச் சொல்லாதிய.

— சொல்லத்தான செய்யணும். பதிமூணு வருசம் பேசாதவிய, அவிய காலக் கட்டிக்கிட்டு அழுதிய. எங்க அண்ணன் மகன் தங்கப்பாண்டியன் போஸ்டர் அடிக்க வண்டிய எடுத்தான். நீங்கதான் வேண்டாம்னிய. 'போஸ்டர் எதுக்கு, இருவத்தி மூணு ஊர்லயும் இப்ப ஓட விடுதேன், அரமணி நேரத்துல சேதி போயிரும்'னிய. எல்லாரு நம்பரும் அவிய செல்லுக்குள்ள இருந்துச்சு. அதத் தெறக்க எனக்குத் தெரியாது. நான் உங்களத்தான் நம்புனேன்.

— ஓட விட்டேன் மதினி. அது பொய்யில்ல.

— எனக்குத் தெரியாதா? வாசல்ல அவியளக் கெடத்தியிருக்கு. உள்ள டிவியில அவிய மூஞ்சி ஓடுது. அதப் பாக்கவும் எனக்கு ஒரு தெம்பு வந்துச்சு தம்பி. இப்ப நாப்பது பேரும் பாத்திருப்பாங்க, கெளம்பியிருப்பாங்கன்னு. வெயிலு ஏறுது, எடுத்துருவோம்னு ஊர்ல அவசரப்படுத்துனாங்க. நான் விடல. நாலு மணிக்கு விளாத்திகுளம் பஸ் வரட்டும்னு மறிச்சேன். பஸ்ஸும் வந்துச்சு. ஒருத்தர்கூட எறங்கல. நிக்காமப் போயிருச்சு.

— மதினி...

— பொய்ச் சாவுக்கு அத்தன பேரு வந்தாங்க. நெசச் சாவுக்கு ஒரு ஆளு இல்ல. மறுபடியும் படங்காட்டுதான்னு நெனச்சிருப்பாங்கன்னு மொதல்ல மனசத் தேத்திக்கிட்டேன். பெறகு, தெரிஞ்சேதான் வரலன்னு புரிஞ்சுக்கிட்டேன். என் கையாலப் பன்னெண்டு நாள் சோறு தின்னவங்க தம்பி. செத்தவர்ட்டயுமா வன்மம்?

— வன்மம்னு முடிவு கட்டாதிய.

— பெறகு எப்படிச் சொல்ல? ஐப்பசியில கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல வெயிலுமுத்தப் பாத்தேன். அவரே தேடி வந்தாரு. சிரிச்சுக்கிட்டே, 'அண்ணாச்சி சொகமா இருக்காவளா, இன்னும் எம்மேல கோவமா'ன்னு கேக்காரு. பொட்டு எடுக்கக் கூடாதுன்னு அவிய சொல்லியிருந்தாவ, அதனால நான் எடுக்கல. அதப் பாத்துட்டு நக்கலாக் கேக்காருன்னு எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. மூஞ்சத் திருப்பிக்கிட்டு வந்த பஸ்ல ஏறிட்டேன். அது எந்த ஊரு பஸ்ஸுன்னுகூடப் பாக்கல.

— வெயிலுமுத்து அப்படியா கேட்டான்?

— ஆமா. ஏன் தம்பி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு?

— ஒண்ணுமில்ல. வெக்கையா இருக்கு. நீங்க சொல்லுங்க.

— சொல்ல என்ன இருக்கு. படத்தப் போடுங்க. அவங்க மூஞ்சிய அவங்களே பாக்கட்டும். எல்லாரும் எம்புட்டு எளசா, எம்புட்டு சந்தோசமா இருக்காங்க இதுல. பாத்து மனசு எளகட்டும். அந்நேரத்துல என் எழுத்து ஓடட்டும். வெள்ளிக்கிழம ஒருத்தராவது வாசல்ல வந்து நின்னு, 'எப்படித் தாயி போச்சு, என்ன செஞ்சுது அவருக்கு'ன்னு கேக்கட்டும்.

— நான் கேக்கேன் மதினி.

— நீங்க இருந்து பாத்தவரு. பாக்காதவங்க கேக்கணும். கடைசியா எங்கிட்ட என்ன பேசுனாவ, எந்தக் கையத் தூக்குனாவ, எல்லாத்தையும் ஒருத்தர்ட்டச் சொல்லி அழணும். அழுதாத்தான் அவிய போயிட்டாவன்னு எனக்கே நம்பிக்க வரும். ஒரு வருசமா உள்ளயே கெடக்கு. யாரும் கேக்கல. ஊர்க்காரங்க தூக்குனாங்க, போனாங்க. பெறகு நானும் அந்த டிவியுந்தான்.

— கொஞ்சம் ஓட்டி விடுதேன். முடிவ மட்டும் பாத்துருவோம்.

— இந்தா, இதுலேர்ந்து பாருங்க. வெயிலுமுத்து பெட்டியக் கழட்டி எறிஞ்சுட்டாரு. பெட்டியாண்டவரக் கொல்லணும்னு வயரக் கையில புடிச்சுக்கிட்டே காட்டு வழியாப் போறாரு. அந்த வயரு ஒரு ரூமுல போயி முடியும்.

— இது இந்த ரூமுல்லா?

— இதே ரூமுதான். நீங்க மதுரைக்குப் போன அன்னைக்கு வாட்ச்மேன்ட்டச் சாவி வாங்கி எடுத்தாவ. மனசுல வச்சுக்கிடாதிய.

— அண்ணன் என் நாற்காலியில உக்காந்துக்கிட்டு என்னைய மாதிரியே மைக்க நோண்டுதாரு.

— இப்ப வெயிலுமுத்து பேசுவாரு, கேளுங்க. 'பெட்டியாண்டவரே, உம்ம பெட்டிய ஊரே எப்பமோ தூரப் போட்டாச்சு. அதவிடச் சின்னதா ஒண்ணு வந்துருச்சு. உள்ளங்கையில வச்சுக்கிட்டு குனிஞ்சே நடக்காங்க. உம்ம பேச்ச யாரும் கேக்கல. கடைசியா மாட்டியிருந்தவன் நான்தான்'பாரு.

— அண்ணன் ஒண்ணும் சொல்லலியே. சத்தம் வரலியா, இல்ல டிஸ்க்கு நின்னுருச்சா?

— நிக்கல. பேச மாட்டாவ. ரொம்ப நேரம் அவரையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, 'நீயாவது கேட்டேல்லா, உக்காரு'ம்பாவ. வெயிலுமுத்து கொல்ல வந்தத மறந்துட்டு பக்கத்துல உக்காந்துருவாரு. அம்புட்டுத்தான் படம். இது கேலியா தம்பி?

— இல்ல மதினி.

— அப்பப் போடுவியள்லா? வியாழக்கிழம சாயங்காலம் ஆறு மணிக்கு?

— வேண்டாம் மதினி.

— இன்னும் என்ன கோவம்? ஊரு உங்களப் பாத்துச் சிரிச்சுரும்னா?

— சிரிக்கதுக்கு ஆளு வேணும்லா.

— வெளங்கச் சொல்லுங்க.

— ஜெயப்பிரியா லீவு இல்ல. கல்யாணம் ஆயி திருப்பூர் போயி ரெண்டு வருசம் ஆச்சு. பழைய செய்தியத்தான் மாத்தி மாத்திப் போடுதேன். பாத்திரக்கடை விளம்பரத்தை எடுத்தா அந்த எடத்துல போட எங்கிட்ட வேற ஒண்ணும் கெடையாது. விளாத்திகுளம் லைனு அறுந்து அஞ்சு வருசம். எப்போதும்வென்றான் போயி மூணு வருசம். எல்லாரும் டிஷ்ஷு, இல்லன்னா செல்லு. ஒவ்வொரு ஊராப் போச்சு. நான் வெளிய சொல்லல.

— எங்க வீட்ல ஓடுதே தம்பி.

— உங்க ஊருக்கு ஒரு வயரு போவுது. அதுல நாலு வீடு இருந்துச்சு. மூணு போச்சு. ஒண்ண மட்டும் நான் அறுக்கல. அண்ணன் பாப்பாரோன்னு ஒரு நெனப்பு. பேசலன்னாலும் பாப்பாரோன்னு. இப்ப நீங்க பாப்பியளேன்னு காலையில வந்து ஆன் பண்ணுதேன்.

— அப்ப அன்னைக்கு?

— அன்னைக்கும் அதே ஒரு வீடுதான்.

— போஸ்டர் வேண்டாம்னியளே.

— அத்தன பேரு முன்னால, என் டிவி செத்துப் போச்சுன்னு சொல்ல வாயி வரல மதினி. அண்ணன் காலுமாட்டுல நின்னுக்கிட்டு நான் பெரிய ஆளுன்னு காட்டிக்கிட்டேன். இங்கன ஓடி வந்து போட்டோவப் போட்டேன். நாள் பூரா ஓட்டுனேன், ஒரு விளம்பரம் போடல. அறுந்த வயருன்னு தெரிஞ்சும், எங்கயாவது ஒருத்தன் பாத்துற மாட்டானான்னு உக்காந்திருந்தேன். பாத்தது நீங்க மட்டுந்தான். உங்க வீட்டுச் சாவ உங்க வீட்டுக்கே சொல்லியிருக்கேன்.

— பெறகாவது நீங்க யார்ட்டயும் சொல்லலியா?

— எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? ஏன் அப்பவே சொல்லலன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்? அந்த நாப்பது பேருல ஒருத்தருக்கும் தெரியாது மதினி. கோவத்துல வராம இருக்கல. தெரிஞ்சிருந்தா வந்திருப்பாங்க. என்னைய அடிக்கணும்னா அடிங்க. மதினி?

— அப்ப விளாத்திகுளத்துலயும் எப்போதும்வென்றான்லயும், அவிய இன்னும் உசுரோடதான் இருக்காவளா தம்பி?